ரீலுக்கு வைத்த பொட்டு

அனுப்பிய ரீல் திரும்பி வருவது ஜெயலட்சுமிக்குப் புதிது. திங்கட்கிழமை காலை அவள் வேலைக்கு வந்தபோது அது கிடங்கின் பின்வாசலில், புகுந்த வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்த பெண் மாதிரி நின்றது. சுற்றியிருந்த வயர் பாதி அவிழ்ந்து கிடந்தது. மீதிப் பாதி ஒன்றின்மேல் ஒன்று ஏறி, ஒன்றுக்குள் ஒன்று புகுந்து, எது எந்த வயர் என்று தெரியாதபடி சிக்கிக் கிடந்தது. ஓரிடத்தில் கறுப்பு உறை கிழிந்து உள்ளே செம்பு தெரிந்தது.

கட்டட வேலைக்குப் போகும் மின்சார வயரை அளந்து வெட்டி, மர ரீலில் சுற்றி, பிளாஸ்டிக் தாள் போர்த்தி, லாரியில் ஏற்றி அனுப்புவதுதான் அந்தக் கிடங்கின் தொழில். கனடாவில், மொன்ட்ரியாலின் சென்-லோரான் பக்கம் அப்படிப் பல கிடங்குகள் உண்டு. சில்லறை வயரை யாரும் சுற்றலாம். பெரிய கட்டடத்துக்குப் போவது வேறு சங்கதி. கட்டைவிரல் தடிமனில் நான்கு வயரை ஒரே ரீலில் பக்கம் பக்கமாகப் படிய வைத்துச் சுற்ற வேண்டும். அப்படிக் கொடுத்தால் அங்கே நான்கின் நுனியையும் சேர்த்துக் கட்டி, ஒரே இழுப்பில் பைப்புக்குள் இழுத்துவிடுவார்கள். சடை பின்னுகிற மாதிரிதான் அது. ஒரு கால் தளர்ந்தால் முழுச் சடையும் போயிற்று.

ஜெயலட்சுமி முதலில் பிளாஸ்டிக் தாள் சுற்றும் மேசையில்தான் இருந்தாள். சுற்றும் மெஷினைக் கண்ணால் பார்த்துப் பார்த்தே பழகியவள். கோடையில் மெஷின்காரர் ஓய்வு பெற்றதும், மேற்பார்வையாளர் செலீன் இவளைக் கூப்பிட்டு, கிறிஸ்துமஸ் வரை சோதனைக் காலம், சரியாகச் செய்தால் மெஷின் உனக்கு என்றாள். தாள் சுற்றும் மேசைக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அதனால் மெஷின் கைவிட்டுப் போனால் திரும்பிப் போய் நிற்கவும் இடம் கிடையாது. அவள் கணவன் மகிழன் சாஃப்ட்வேர்காரன். ஜூலையில் அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். அன்றிலிருந்து காலையில் இன்டர்வியூ, மாலையில் சமையல் என்று இருக்கிறான். வீட்டுக்கு வருகிற சம்பளம் இவளுடையது ஒன்றுதான்.

செலீன் ஐம்பதைத் தாண்டிய கெபெக் மாகாணத்துக்காரி. பிரெஞ்சில் தொடங்கி ஆங்கிலத்தில் முடிப்பாள். கோபம் வந்தால் இரண்டிலும் சுருக்கமாகப் பேசுவாள். அன்றைக்குச் சுருக்கமாகத்தான் பேசினாள்.

"லவாலில் கட்டுகிறார்களே, முதியோர் குடியிருப்பு, அங்கே போனது. பாதி இழுக்கும்போது மாட்டிக்கொண்டது. ரீலை மாட்டியிருந்த ஸ்டாண்டே கவிழ்ந்துவிட்டதாம். நல்ல வேளை, யாருக்கும் அடி இல்லை. சுற்று தளர்ந்திருந்தது, சுற்றியது சரியில்லை என்று எலெக்ட்ரிக் கான்ட்ராக்டர் சொல்கிறார்."

"இறுக்கம் சரியாத்தான் வச்சேன்."

"எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது. ஆனால் இதைப் பார்."

பார்க்க அவளுக்கு மனம் வரவில்லை. என்றாலும் ரீலைச் சுற்றி ஒரு தரம் நடந்தாள். பக்கப் பலகையில் அவள் வைத்த சந்தனமும் குங்குமமும் மழையில் கரைந்து காவியாக வழிந்திருந்தன.

அது போன புதன்கிழமை வைத்தது. ஆயுத பூஜை. ஜெயலட்சுமி அம்பத்தூர்க்காரி. அம்பத்தூரில் ஆயுத பூஜை என்றால் லேத்திலிருந்து தள்ளுவண்டி வரைக்கும் பொட்டில்லாத பொருளைப் பார்க்க முடியாது. மெஷின் என்று ஒன்று தன் கைக்கு வந்த முதல் வருஷம் சும்மா இருந்தால் நன்றாகவா இருக்கும்? சின்ன டப்பாவில் சந்தனம் குழைத்து எடுத்து வந்தாள். மெஷினுக்கு வைத்தாள். செலீன் வந்து, இது பெயின்டா, கையில் ஒட்டுமா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாள். அப்போதுதான் சுற்றி முடித்த ரீல் பக்கத்தில் நின்றது. தொட்டிலுக்கு வைத்துவிட்டுப் பிள்ளைக்கு வைக்காமல் விடுவார்களா? அதற்கும் மூன்று விரலால் சந்தனம் பூசி நடுவில் குங்குமம் வைத்தாள். அந்த லவால் ரீல்தான் அது.

இப்போது பலகையின் விளிம்பில், மரம் பிளந்திருந்த இடத்தில், மஞ்சளாக ஏதோ ஒட்டியிருந்தது. நகத்தால் கிள்ளி எடுத்தாள். நசுங்கிய தோல், கூட ஒரு விதை. மூக்கில் வைத்துப் பார்த்தாள்.

எலுமிச்சை.

"யாரோ சாப்பிட்டுவிட்டுப் போட்டிருப்பார்கள்," என்றாள் செலீன்.

ஜெயலட்சுமி விதையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாள். உள்ளுக்குள் துள்ளினாள். புதுக் கார் வாங்கினால் சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஏற்றி நசுக்குவார்கள். அது தெரியாத தமிழர் உண்டா? ரீலும் உருளுகிற பொருள்தானே! எவரோ இதற்கும் பழம் வைத்து உருட்டியிருக்கிறார்கள். எந்தப் பக்கம் உருட்டினார்கள் என்பதுதான் கேள்வி. ரீலை அது சுற்றியிருக்கும் போக்கில் உருட்டினால் சுற்று இறுகும். எதிர்ப் போக்கில் உருட்டினால் தளரும். சரியான போக்கைக் காட்டத்தான் ரீலின் பலகையில் அம்பு போட்டிருப்பார்கள். கொஞ்ச தூரம் என்றால் பாதகமில்லை. நெடுக உருட்டினால் சிக்குத்தான். ஆள் அகப்பட்டான் என்று நினைத்தாள்.

"நான் அங்க போய்ப் பாக்கணும்," என்றாள்.

செலீன் யோசித்தாள். "ஏன் தளர்ந்தது என்று தெரியாமல் இன்னொரு ரீலை அனுப்ப எனக்கும் விருப்பமில்லை. யோசெப் இன்று அங்கே சாமான் கொண்டுபோகிறான். நீயும் போ. காரணத்தோடு வந்தால் சரி. இல்லாவிட்டால் மெஷினை நாளையிலிருந்து வேறு ஆளிடம் கொடுக்க வேண்டி வரும். தப்பாக நினைக்காதே."

அவள் தப்பாக நினைக்கவில்லை. பயந்துதான் போனாள்.

யோசெப் ஹெய்ட்டியிலிருந்து வந்தவன். மொன்ட்ரியால்-நோர் பகுதியில் மனைவி, மூன்று பெண்களோடு இருக்கிறான். சங்கிலி போட்டு, ஆப்பு வைத்து, மறுபடியும் சங்கிலியை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் லாரியை எடுப்பான். அத்தனைக்கும் காரணம் உண்டு. வசந்தத்தில் ஒரு ரீல் அவன் லாரியில் சாய்ந்து விழுந்துவிட்டது. கம்பெனி எச்சரிக்கை கொடுத்தது. இன்னொரு தடவை நடந்தால் வீட்டுக்கு என்று சொல்லியிருந்தார்கள்.

"நிறுத்தித்தான் இறக்கினேன், மதாம்," என்றான், பாலத்தில் லாரி ஏறும்போது, அவள் ஒன்றும் கேட்காமலேயே. "வாசலில் நேராக நிறுத்திவிட்டுத்தான் வந்தேன்."

"தெரியும் யோசெப்."

"ரீல் கெட்டுப் போனால் முதலில் டிரைவரைத்தான் பார்ப்பார்கள்."

"உன்ன யாரும் பாக்க மாட்டாங்க," என்றாள், எலுமிச்சம் விதையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டிருக்கிற தைரியத்தில்.

லவாலில் கட்டடம் கூரை வரை எழும்பியிருந்தது. வாசலெல்லாம் சேறு. யோசெப் பெட்டிகளை இறக்கத் தொடங்கினான். இவள் தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு, எலெக்ட்ரிக் கான்ட்ராக்டர் யார் என்று விசாரித்து, நிலத்தடி கார் நிறுத்துமிடத்தின் கடைசி மூலையில் மின் அறை வாசலுக்குப் போனாள். அங்கே நெற்றியில் மெலிதாகத் திருநீறு பூசிய மனிதர் ஒருவர் பைப் மீது உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். தேவதாசன். யாழ்ப்பாணத்துக்காரர். அறுபது வயது இருக்கும்.

"வாங்கோ. செலீன் போன் எடுத்தவ. நீங்கள் தமிழோ?"

"ஆமாங்க. சென்னை. அந்த ரீல சுத்தினது நான்தான்."

வந்த வேகத்தில் ஒரு பிடி பிடிக்கலாம் என்றிருந்தாள். ஆனால் மனிதர் முகம் சட்டென்று மலர்ந்துவிட்டது.

"அப்ப அந்தப் பொட்டு உங்கட கையோ! இருங்கோ தங்கச்சி, இருங்கோ. தேத்தண்ணி குடிக்கிறியளோ?"

"பொட்டைப் பாத்தீங்களா?"

"பாக்காமலோ? லொறியால இறங்கேக்கையே கண்டிட்டன். முப்பது வருசமா இந்த நாட்டில வயர் இழுக்கிறன். பொட்டோட வந்த றீலை நான் ஒருநாளும் காணேல்லை. அதுவும் விசயதசமி அண்டைக்கு! அதைச் சும்மா உருட்டிக்கொண்டு போக மனம் வருமோ? நானே முன்னால இருக்கிற தெப்பனேர் கடைக்கு ஓடிப்போய் ஒரு தேசிக்காய் வாங்கியந்தனான்."

தேசிக்காய் என்றால் அவர் ஊரில் எலுமிச்சை. ஜெயலட்சுமி பையிலிருந்த விதையை எடுத்துக் காட்டக்கூட வேண்டியிருக்கவில்லை. திருடனே வந்து திருட்டைப் பெருமையாகச் சொன்னால் போலீஸ்காரன் என்ன செய்வான்?

"எந்தப் பக்கமாண்ணா உருட்டினீங்க?"

"உள்ளுக்குத்தான். வேற எங்க? வாசல்ல தேசிக்காய் வைச்சு வெளிப்பக்கமா உருட்டினா வாற நன்மை எல்லாம் றோட்டுக்கெல்லே போகும்."

"இங்க வரைக்கும் அப்படியேவா?"

"ஓம். வாசல்ல இருந்து சரிவால இறக்கி, இந்தக் கராஜ் முழுக்க உருட்டி, இந்தா இந்த மூலை வரைக்கும். நாலு பேர் பிடிச்சு."

"அப்ப அதுதாண்ணா. லாரியில ஏத்தின மாதிரியே இறக்கினா அம்பு வெளிப்பக்கம்தான் பாத்திருக்கும். நீங்க எதிர்ப்பக்கமா உருட்டியிருக்கீங்க. சுத்து தளந்துடும்னு உங்களுக்குத் தெரியாததா?"

தேவதாசன் கோப்பையைக் கீழே வைத்தார். அவர் கோபப்படவில்லை. அதுதான் அவளுக்கு முதலில் இடறியது.

"எனக்குத் தெரியும் தங்கச்சி. அம்பு இருந்தா நான் பாப்பன். அம்புக்கு மாறா உருட்டுற ஆள் நானில்லை. றீலைத் திருப்பி வைச்சுப்போட்டு உருட்டியிருப்பன். உங்கட றீலில அம்பு இல்லை."

"எல்லா ரீல்லயும் இருக்குமே."

"இதில இல்லை. பொறுங்கோ, மனிசிக்குக் காட்டவெண்டு படம் எடுத்தனான்."

அவர் போனை நீட்டினார். படத்தில் அவரும் ரீலும் பக்கத்தில் பக்கத்தில், மாப்பிள்ளை வீட்டார் மாதிரி நின்றார்கள். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கினாள். நன்றாகக் குழைத்த சந்தனம், காய்ந்து தடித்து ஒட்டியிருந்தது. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு வால் மட்டும் எட்டிப் பார்த்தது. அம்பின் வால். மிச்ச அம்பு முழுக்கச் சந்தனத்துக்கு அடியில்.

அவளுக்கு எல்லாம் ஞாபகம் வந்தது. மரப் பலகை சொரசொரப்பாக இருந்தது. சந்தனம் பிடிக்க மழமழப்பான இடம் தேடினாள். கைக்கு வாகாக, பெயின்ட் அடித்து மழமழவென்று இருந்த இடம் ஒன்றுதான். அம்புக்குப் பெயின்ட் அடித்திருந்த இடம். மறுபக்கத்துப் பலகை உடைந்து புதிதாக மாற்றியது. அதில் அம்பே வரைந்திருக்கவில்லை. அதுவும் அவளுக்குத் தெரியும்.

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவள் குரங்கு பிடிக்கத்தான் லவால் வரை வந்தாள். பிடிபட்ட குரங்கு இவளாகவே இருந்தது. அவளுக்கு வெட்கமாக இருந்தது, அழுகையாகவும் வந்தது. இரண்டையும் விழுங்கிக்கொண்டாள்.

"நான்தாண்ணா மறைச்சிருக்கேன்," என்றாள். "அம்பு மேலேயே பூசிட்டேன்."

தேவதாசன் போனை வாங்கி மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பார்த்தார்.

"ஓமோம்... வால் தெரியுது," என்றார். பிறகு, "இல்லைத் தங்கச்சி, உங்களில மட்டும் பிழை சொல்லேலாது. அம்பு இல்லாட்டி வயரின்ர நுனி எந்தப் பக்கம் கிடக்குதெண்டு பாத்தாலே விளங்கும். அதை நான் பாக்கேல்லை. ராகுகாலம் பிறக்கப் போகுதெண்டு அந்தரப்பட்டிட்டன்."

"அப்ப ஏண்ணா சுத்தினது சரியில்லன்னு செலீன்கிட்ட சொன்னீங்க?"

"வேற என்னத்தைச் சொல்லுறது? தேசிக்காய்க் கதையை இவங்களிட்டச் சொல்லேலுமோ? சாமி கும்பிட்டு வயரைப் பழுதாக்கினவன் எண்டு பேர் வந்தா அடுத்த கட்டடம் எனக்குத் தருவாங்களோ? சுத்தினது எங்கட பிள்ளை எண்டு தெரிஞ்சிருந்தா சொல்லியிருக்க மாட்டன்."

"பொட்டைப் பாத்தப்பவே தெரிஞ்சிருக்குமே."

அவர் ஆறிப்போன தேநீரை எடுத்துக் குடித்தார்.

"சரி," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "இப்ப உங்களுக்கும் வேலை போகக் கூடாது, எனக்கும் பேர் கெடக் கூடாது. அவ்வளவுதானே? லொறியால இறக்கேக்க றீல் விழுந்ததெண்டு சொல்லுவம். விழுந்தாலும் சுத்துத் தளரும்தானே. ஆர் கேக்கப் போயினம்?"

ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்று சும்மாவா சொன்னார்கள்! சரிவின் மேல் முனையில் யோசெப் தெரிந்தான். தூறல் விழத் தொடங்கியிருந்தது. இறக்கிய பெட்டிகள் நனையாமல் தார்ப்பாயை இழுத்து மூடிக்கொண்டிருந்தான். தான் நனைவதைப் பற்றி அவனுக்குக் கவலையில்லை.

ஜெயலட்சுமியை நல்லவள் என்று சொல்லிவிட்டு அவசரமாக அடுத்த வரிக்குப் போவது சரியில்லை. ஒரு நிமிஷம் அவளுக்கும் அந்த யோசனை இனித்தது. மகிழன் இன்று காலையும் சட்டை இஸ்திரி போட்டுக்கொண்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தான். மேலே சட்டை, கீழே லுங்கி. கேமராவுக்கு அது போதும். அவனிடம் போய், பொட்டு வைத்த இடம் சரியில்லாமல் வேலை போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? யோசெப் பெயரைச் சொல்ல ஒரு வாக்கியம் போதும். செலீன் நம்புவாள். ஏற்கெனவே ஒரு ரீலைச் சாய்த்தவன்தானே.

உன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று பாலத்தில் அவனிடம் சொன்னதும் நினைவுக்கு வந்தது.

"வேணாம்ணா," என்றாள். "நான் வச்ச பொட்டு, நானே சொல்லிக்கிறேன். எலுமிச்சம்பழத்தைச் சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். அந்த ஆள் பேரை மட்டும் எடுக்காதீங்க. அவருக்கு மூணு பொண்ணு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார். வாங்கோ போங்கோ என்று அவர் வழியனுப்பவும் இல்லை, அவள் எதிர்பார்க்கவும் இல்லை.

திரும்பும் வழியில் யோசெப் காரணம் தெரிந்ததா என்று கேட்டான். தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னாள். சந்தனத்துக்குப் பிரெஞ்சில் என்ன என்று தெரியாமல், மஞ்சள் மண் மாதிரி ஒன்று, சாமிக்குப் பூசுவது என்றாள். எலுமிச்சை அவனுக்கு உடனே புரிந்துவிட்டது. அவன் ஊரிலும் எலுமிச்சை வெறும் சாறு பிழிய மட்டும் இல்லையாம். ஒரு தரம் வாய்விட்டுச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"என்னைச் சொல்லலாம் என்று அவர் சொன்னாரா?"

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"அதனால்தான் பாலத்திலேயே சொன்னேன்," என்றான் யோசெப். "எப்போதும் லாரிதான்."

கிடங்கில் செலீன் இவளுக்காகக் காத்திருந்தாள். ஜெயலட்சுமி வாய் திறப்பதற்குள் கையை உயர்த்தினாள்.

"அந்த ஆள் இப்போதுதான் போன் செய்தார். தப்பு தன்னுடையதாம். ஏதோ எலுமிச்சை, ஏதோ கெட்ட நேரம், எனக்குப் பாதி புரியவில்லை. அம்பைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் உருட்டிவிட்டாராம். உன் சுற்றில் குறை இல்லை என்று மூன்று தரம் சொன்னார். ஆக, முடிந்தது. மெஷினுக்குப் போ."

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. போய் மெஷினில் கை வைத்திருந்தால் கதை அதோடு முடிந்திருக்கும். மனிதர் பொட்டைப் பற்றி மூச்சு விடவில்லை. இவளைக் காப்பாற்றத்தான் விடவில்லை. அது அவளுக்குப் புரிந்தது. புரிந்ததால்தான் கால் நகரவில்லை. அம்பைப் பார்க்கவில்லை என்று பழியைத் தன் தலையில் போட்டுக்கொண்டாரே, பார்க்க அங்கே அம்பு இருந்ததா என்ன?

"செலீன், அவர் அம்பைப் பாக்க முடியாது. அது மேல நான் சந்தனம் பூசிட்டேன்."

சொல்லத் தொடங்கியதும் முழுக்கச் சொல்லிவிட்டாள். ஆயுத பூஜை, மழமழப்பான இடம், மாற்றிய பலகை, எல்லாம். செலீன் கையைக் கட்டிக்கொண்டு கேட்டாள். அவள் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கேட்டு முடித்ததும் பின்வாசலுக்கு நடந்தாள். ரீலின் முன் குனிந்து, கட்டைவிரலால் காவிக் கறையைத் தேய்த்தாள். கறைக்கு அடியிலிருந்து அம்பு வந்தது.

"என் அம்மா," என்றாள் செலீன், குனிந்தபடியே, "வீட்டில் கல்யாணம் என்றால் முந்தின நாள் துணி காயப்போடும் கொடியில் ஜெபமாலையைத் தொங்கவிடுவாள். மழை வரக்கூடாது என்று. எங்கள் தெருவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். எனக்குக் கல்யாணம் நடந்தபோதும் தொங்கவிட்டாள். மழை வரவில்லை."

நிமிர்ந்து, விரலைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டாள்.

"ஆனால் அவள் அதைக் கொடியில்தான் தொங்கவிட்டாள். முச்சந்தியில் 'நில்' என்று போட்டிருக்குமே, அந்தப் பலகை மேல் தொங்கவிடவில்லை."

ஜெயலட்சுமிக்கு அடி வாங்கின மாதிரி இருந்தது. அதைவிடச் சரியாக யாரும் சொல்லியிருக்க முடியாது.

"நாளைக் காலை லவாலுக்கு வேறு ரீல் சுற்று," என்றாள் செலீன். "உன் சோதனைக் காலம் அந்த ரீலிலிருந்து மறுபடியும் தொடங்குகிறது. கிறிஸ்துமஸ் இல்லை, இனி ஈஸ்டர். சரிதானே?"

ஜெயலட்சுமி தலையை ஆட்டினாள். கழிப்பறைக்குப் போய் முகம் கழுவிக்கொண்டு, கொஞ்சம் அழுதுவிட்டு, மறுபடியும் முகம் கழுவிக்கொண்டு வந்தாள்.

மறுநாள் ரீலைச் சுற்றினாள். நான்கு வயரும் ஒன்றையொன்று மிதிக்காமல் படிந்தன. இரண்டு பலகையிலும் அம்பு இருக்கிறதா என்று பார்த்தாள். இருந்த அம்பின் மேலேயே மார்க்கரால் இன்னொரு தரம் அழுத்தி வரைந்தாள். பொட்டு வைக்கலாமா வேண்டாமா என்று நின்றாள். பிறகு ரீலின் நடுவில், ஸ்டாண்டின் தண்டு நுழையும் துளைக்கு உள்பக்கம், யார் கண்ணிலும் படாத இடத்தில் குங்குமத்தை ஒற்றினாள். யோசெப் வந்தான். ரீலை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். ஃபோர்க்லிஃப்ட்காரனைக் கூப்பிட்டு, ரீலைத் தூக்கித் திருப்பி வைக்கச் சொன்னான்.

"ஏன்?" என்றாள்.

"இறக்கும்போது அம்பு உள்ளே பார்க்கட்டும்," என்று சொல்லிவிட்டுச் சங்கிலியைப் போட்டான். ஆட்டிப் பார்த்தான். போனான்.

மதியம் அவள் போன் அடித்தது. தேவதாசன். நம்பரைச் செலீனிடம் வாங்கியிருப்பார்.

"தங்கச்சி, றீல் வந்திட்டுது."

"அம்பு உள்ள பாத்திருக்காண்ணா?"

"ஓம், ஓம். உள்ளுக்குத்தான் பாக்குது." பின்னால் ஏதோ டிரில் சத்தம் கேட்டது. "தங்கச்சி, உங்கட அந்த லொறிக்காரன்..."

"யோசெப். என்னாச்சு அவருக்கு?"

"ஒண்டுமில்லை. றீலை இறக்கிப்போட்டுப் போவான் எண்டு பாத்தன். போகேல்லை. முன்னால இருக்கிற தெப்பனேருக்குப் போயிட்டு வாறான். கையில ஒரு தேசிக்காய். எனக்கு நேர நீட்டிக்கொண்டு நிக்கிறான். நான் என்ன செய்ய? அவனை நான்... அவனுக்குத் தெரியுமோ?"

"தெரியும்ணா."

"தெரிஞ்சும் வாங்கிக்கொண்டு வந்திருக்கிறானோ? நான் அவன்ர முகத்தை எப்பிடித் தங்கச்சி பாக்கிறது?"

ஜெயலட்சுமி மெஷினை நிறுத்தினாள்.

"பாத்துத்தாண்ணா ஆகணும்," என்றாள். "கையை நீட்டி வாங்குங்க. மெர்சி சொல்லுங்க. அப்புறம் அவரையும் ஒரு கை பிடிக்கச் சொல்லி, ரெண்டு பேருமா உருட்டுங்க."